பொம்மை சேர்க்கும் ஆட்டமும் மர்மப் பெட்டியும்: கல்லாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் விளையாட்டுச் சாமான் கடை நடத்துகிறேன். ஒரு பக்கம் மரச்சொப்பு, பம்பரம், பல்லாங்குழி. மறுபக்கம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே வாங்கும் மூடிய பெட்டிப் பொம்மைகள். வருகிறவர்கள் கையில் இருக்கும் போனிலும் இப்போது இதே பொம்மைகள்தான்: ஒரே மாதிரி மூன்றைச் சேர்த்தால் மறையும், நடுநடுவே பரிசாக ஒரு மர்மப் பெட்டி வரும். பேரனுக்கு வாங்க வரும் ஆச்சிகளும், கல்யாணத்துக்காக வெளியூரிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகளுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். எந்த ஒரு ஆப்பையும் குறிப்பாகச் சொல்லவில்லை. இந்த வகை ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை.

ஆட்டத்தை எப்படி ஆடுவது?

திரையில் பொம்மைகள் குவிந்து கிடக்கும். வாத்து, பந்து, பம்பரம், தொப்பி, கரடி என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. எதைத் தொட்டாலும் அது கீழே இருக்கும் தட்டில் போய் உட்காரும். தட்டில் பொதுவாக ஏழு இடம். ஒரே மாதிரி மூன்று சேர்ந்தால் மூன்றும் மறையும். எதுவும் மறையாமல் ஏழும் நிரம்பிவிட்டால் தோல்வி. சில ஆட்டங்களில் கடிகாரமும் ஓடும். ஜெயித்தால் நட்சத்திரம், நட்சத்திரம் நிறைந்தால் மர்மப் பெட்டி, பெட்டிக்குள் ஆல்பத்தில் ஒட்ட ஒரு பொம்மை. அவ்வளவுதான் சங்கதி.

எவ்வளவு கவனமாக ஆடினாலும் தட்டு நிரம்பிவிடுகிறது. ஏதாவது சூட்சுமம் உண்டா?

உண்டு. அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலை இல்லை, எல்லாம் கணக்கு.

ஒரு நேரத்தில் மூன்று வகைகளை மட்டும் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகையிலும் அதிகபட்சம் இரண்டுதான் காத்திருக்க முடியும், ஏனென்றால் மூன்றாவது வந்ததும் அது மறைந்துவிடும். ஆக, மூவிரண்டு ஆறு. ஏழாவது இடம் காலி. அந்த இடத்தில் விழுவது இந்த மூன்று வகைகளில் எதுவாக இருந்தாலும் ஒரு சேர்க்கை முடிந்தே தீரும். மூன்று வகைக்குள் நிற்கும்வரை உங்களால் தோற்க முடியாது. முயன்றாலும் முடியாது. நான்காவது வகையில் கை வைத்தவுடன் இந்தக் காவல் போய்விடுகிறது: மூன்று ஜோடி, ஓர் ஒற்றை, தட்டு நிறைந்தது, ஆட்டம் முடிந்தது.

கோட்டையூரிலிருந்து வரும் ஓர் ஆயா இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். ஒருமுறை பெட்டிகளைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோது, வளவில் தூணில் சாய்ந்து, டேப்லெட்டை மடியில் சாய்த்து வைத்து ஆடிக்கொண்டிருந்தார். எடுத்த எடுப்பில் எதையும் தொடவில்லை. மூக்குக் கண்ணாடியைச் சற்றே இறக்கிக் குவியலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாய்க்குள் முணுமுணுப்பு: “வாத்து, தொப்பி, பம்பரம். வாத்து, தொப்பி, பம்பரம்.” விரல் அந்த மூன்றைத் தவிர வேறு எதன் மேலும் போகவில்லை. வாத்து மூன்றும் மறைந்த பிறகுதான் பட்டியலில் கரடி சேர்ந்தது. பக்கத்தில் இருந்த பேத்தி “கரடி மேலேயே கிடக்கிறதே ஆயா, எடுங்கள்” என்று அவசரப்படுத்தினாள். “அது எங்கே போய்விடும்? கிடக்கட்டும்” என்றார்.

கீழே புதைந்திருக்கும் பொம்மையை எடுக்க, மேலே கிடக்கும் நான்காவது வகையை அகற்றியே ஆகவேண்டிய நிலை சில சமயம் வரும். அப்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ஒரு சேர்க்கை மறைந்து தட்டு இளைத்திருக்கும் நேரமாக இருக்கட்டும். இரண்டு, மூன்றும் கண்ணெதிரே கிடக்கும் வகையாக இருக்கட்டும். மூன்று இடம் காலியாக இருந்தால் அதை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஒன்று மட்டும் தெரிந்து மற்ற இரண்டும் எங்கே என்று தெரியாத பொம்மையைத் தொடுவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

கடிகாரம் ஓடும் ஆட்டத்தில் இன்னொன்று: நிறத்தைப் பார்த்து எடுக்காமல் வடிவத்தைப் பாருங்கள். சிவப்புப் பந்தையும் சிவப்பு ஆப்பிளையும் ஒரே குவியலில் போடுவது தற்செயல் அல்ல.

எல்லா நிலைகளையும் உதவி வாங்காமல் முடிக்க முடியுமா?

ஒவ்வொரு பொம்மையின் எண்ணிக்கையும் மூன்றின் மடங்காக இருக்கும், ஆகவே கடைசியில் மிச்சம் வராது. அதற்காக வழி இருக்கிறது என்று பொருள் இல்லை. அடுக்கியிருக்கும் விதத்தால் நான்கு ஐந்து வகைகளைத் திறந்தே ஆகவேண்டிய கட்டாயம் வரலாம். பத்துப் பன்னிரண்டு சுலபமான நிலைகளுக்குப் பிறகு ஒரு முரட்டு நிலை வருவதும், அது தோற்ற கையோடு ‘கூடுதல் இடம் வேண்டுமா?’ என்று விலைப்பட்டியல் எட்டிப் பார்ப்பதும் திட்டமிட்ட ஏற்பாடு. திரும்ப ஆரம்பித்தால் பல ஆட்டங்களில் அடுக்கு மாறும். காசு கொடுப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

காந்தம், கலைத்துப் போடுதல், ஒரு படி பின்வாங்குதல்: எந்த உதவியை எப்போது?

பின்வாங்குதல், கை தவறித் தொட்டுவிட்டால். கலைத்துப் போடுதல், தட்டில் ஐந்து இருந்து மேலே ஜோடி எதுவும் தெரியாதபோது. சேர்க்கைக்கு வேண்டிய பொம்மைகளைத் தானே இழுத்துவரும் காந்தத்தைக் கடைசிவரை சேமித்து வையுங்கள். ஆரம்பத்தில் பயன்படுத்தினால் வீண்.

இந்த ஆட்டங்கள் புதிதாக வந்தவையா?

இல்லை. மாஜாங் ஓடுகளை அடுக்கி வைத்து ஜோடி ஜோடியாக எடுக்கும் கணினி ஆட்டத்தை 1981-ல் பிராடி லாக்கார்ட் எழுதினார். 1986-ல் அது ‘ஷாங்காய்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. பக்கத்துப் பக்கத்தில் மூன்றைச் சேர்க்கும் வகைக்கு 1994-ல் ரஷ்யாவில் வந்த ‘ஷரிக்கி’ முன்னோடி. 2001-ல் ‘பிஜுவெல்ட்’, 2012-ல் ‘கேண்டி கிரஷ்’. தட்டு வைத்த ஆட்டம் இந்த இரண்டு குடும்பங்களுக்கும் பிறந்த பிள்ளை.

மர்மப் பெட்டி என்ற யோசனை எங்கிருந்து வந்தது?

நாற்பது வயது தாண்டியவர்கள் இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் பரிசு அட்டை தொங்கியதை மறந்துவிட்டார்களா? காசு கொடுத்து மடித்த சீட்டு ஒன்றைக் கிழிப்போம். உள்ளே ஓர் எண். அந்த எண்ணுக்குப் பலூனோ மோதிரமோ வரும். உச்சியில் கட்டியிருக்கும் பெரிய கார் மட்டும் யாருக்கும் விழுந்து பார்த்ததில்லை. மர்மப் பெட்டி அந்த அட்டையின் பளபளப்பான வாரிசு, வேறொன்றும் இல்லை.

வணிகமாக இதை வளர்த்தது ஜப்பான். 1965-ல் அங்கே காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை விழும் இயந்திரங்கள் வந்தன. 1977-ல் பண்டாய் நிறுவனம் ‘காஷாபோன்’ என்று களமிறங்கியது. ‘காச்சா’ என்று ஆட்டக்காரர்கள் சொல்வது அந்த இயந்திரத்தைத் திருகும் சத்தம்தான். சீனாவின் பாப் மார்ட் 2010-ல் தொடங்கியது. காசிங் லுங் என்ற ஓவியர் 2015-ல் வரைந்த பல்லிளிக்கும் லபூபூவை 2019 முதல் பெட்டிக்குள் அடைத்து விற்கிறது. போன் ஆட்டங்கள் இந்தப் பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டன. அட்டை, காகிதம், சரக்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பதால் அவர்களுக்கு இன்னும் லாபம்.

பன்னிரண்டில் பதினொன்று கிடைத்துவிட்டது. கடைசி ஒன்று மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றவே தேவையில்லை. நேர்மையாக நடத்தினாலும் இப்படித்தான் ஆகும்.

பன்னிரண்டு பொம்மைகளுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் எது வந்தாலும் புதியது. பாதி ஆல்பம் நிறைந்த பிறகு, வரும் பெட்டியில் புதியது இருக்க 12-ல் 6 வாய்ப்பு. பதினொன்று கிடைத்த பிறகு 12-ல் 1 மட்டுமே. ஆகவே அந்தக் கடைசிப் பொம்மை ஒன்றுக்கே சராசரியாக 12 பெட்டிகள் திறக்க வேண்டும். மொத்தக் கணக்கைக் கூட்டினால் பன்னிரண்டையும் சேர்க்கச் சராசரி ஏறக்குறைய 37 பெட்டிகள். இதில் முதல் ஆறு பொம்மைகள் எட்டே பெட்டிகளில் வந்துவிடும். மீதி ஆறுக்கு 29. ஆறு பொம்மைகள் மட்டும் உள்ள சிறு தொகுப்புக்குக்கூடச் சராசரி 14.7.

இந்த முதல் எட்டுப் பெட்டிகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. திறக்கத் திறக்கப் புதிது புதிதாக வரும். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று மனம் கணக்குப் போடும். ஆனால் பாதி ஆல்பம் நிறைந்த இடத்தில் நீங்கள் பாதித் தூரம் வரவில்லை, ஐந்தில் ஒரு பங்குதான் கடந்திருக்கிறீர்கள். பெட்டி 100 ரூபாய் என்றால் முதல் பாதிக்கு 800 ரூபாய், மறு பாதிக்கு 2,900. என் கடையில் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கிறேன். பெட்டி விற்பவனே இப்படிச் சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லலாம். கணக்குத் தெரிந்து வாங்குபவர்தான் அடுத்த மாதமும் வருவார்.

போனில் இன்னொரு சங்கடம் உண்டு. அங்கே எல்லாப் பொம்மைகளுக்கும் சம வாய்ப்பு இருப்பதில்லை. ‘அரிது’, ‘மிக அரிது’ என்று வண்ணம் பூசியவற்றுக்கு 37 எல்லாம் போதாது. இரட்டையாக வந்தவற்றைத் தூளாகவோ நாணயமாகவோ மாற்றி, வேண்டியதை நேராக வாங்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி வழி வைத்திருக்கும் ஆட்டம் ஓரளவு நியாயமானது.

72-ல் 1 ரகசியப் பொம்மை என்றால் 72 பெட்டி வாங்கினால் நிச்சயம் கிடைக்குமா?

கிடைக்காது. லபூபூ வரிசைகள் சிலவற்றில் ரகசியப் பொம்மைக்கு, அதாவது வழக்கமான தொகுப்புக்கு வெளியே அரிதாக வரும் பொம்மைக்கு, இந்த விகிதம் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி அதிர்ஷ்டம் என்று கொண்டால், 72 பெட்டி திறந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் அதைக் கண்டிருப்பார்கள், மீதி 37 பேருக்கு வெறுங்கை. ஐம்பது பெட்டிகள் திறந்த இடத்தில்தான் வாய்ப்பு சரிபாதி ஆகும். ‘இத்தனை வாங்கியாகிவிட்டது, அடுத்தது அதுவாகத்தான் இருக்கும்’ என்பதில் அர்த்தம் இல்லை. பெட்டிக்கு உங்கள் பழைய செலவு தெரியாது.

போன் ஆட்டங்களில் சிலவற்றில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு அரிய பொம்மை கட்டாயம் வரும் என்று விதி இருக்கும். வாய்ப்பு விகிதங்கள் உள்ள பக்கத்திலேயே அது எழுதப்பட்டிருக்கும். காசு கொடுத்து வாங்கும் பெட்டிகளின் வாய்ப்பை வெளியிட வேண்டும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. சீன அரசும் அதே ஆண்டு கட்டாயமாக்கியது. அந்தப் பக்கத்தைப் பொடி எழுத்தில் ஒரு மூலையில் ஒளித்து வைப்பார்கள். தேடிப் படியுங்கள்.

அப்படியானால் காசே செலவழிக்கக் கூடாதா?

என் கருத்து: விளம்பரத்தை நீக்க ஒருமுறை கட்டும் தொகை தகும். தினமும் ஆடுபவருக்கு அது நிம்மதி. மர்மப் பெட்டிக்குக் கட்டாதீர்கள். ஆடி ஜெயித்து வரும் பெட்டி வரட்டும், வந்தது லாபம். கடைப் பெட்டியாவது உடைத்த பிறகு கையில் ஒரு பொம்மை மிஞ்சும். போனில் வாங்கிய பொம்மை, ஆட்டத்தை நிறுவனம் நிறுத்தும் நாளில் ஆல்பத்தோடு போய்விடும்.

பேரன் என் போனில் ஏதோ அழுத்திப் பணம் போய்விட்டது. என்ன செய்வது?

முதலில் பிள்ளையை அடிக்காதீர்கள். அந்தப் பொத்தானை வடிவமைத்தவர்கள் பெரியவர்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளே தளத்தில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். நாள் கடந்தால் ஆட்ட நிறுவனத்திடம்தான் மல்லுக்கட்ட வேண்டும். பிறகு பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்புக் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். ஐபோனில் திரை நேர அமைப்புகளுக்குள் ஆப்பில் வாங்குவதையே தடுக்கலாம். யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைகளுக்கு எதிரே அழுத்தாதீர்கள். நாலு வயதுப் பிள்ளைக்கும் நான்கு எண்கள் ஒரு பாட்டுத்தான்.

இது சூதாட்டம் இல்லையா? சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை வந்தது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. பொம்மை சேர்க்கும் ஆட்டத்தில் பணம் திரும்பி வருவதில்லை என்பதால் இந்தச் சட்டங்களின் குறி அதுவல்ல. ஆனால் ‘அரிய பொம்மை கிடைத்தால் ரொக்கமாக மாற்றித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் அந்த ஆப்பை அப்போதே நீக்கிவிடுங்கள்.

வெளிநாடுகளில் இதற்கும் கடிவாளம் உண்டு. மர்மப் பெட்டியில் வருவதைக் கொண்டு முழுத் தொகுப்பையும் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற முறையை ஜப்பான் 2012-ல் சட்டவிரோதம் என்றது. நான் மேலே எழுதிய 37 பெட்டிக் கணக்கு அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. காசு வாங்கும் மர்மப் பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018-ல் முடிவு கட்டியது.

அப்பத்தாவுக்கு வயது எழுபதுக்கு மேல். ஆடலாமா?

தாராளமாக. கடிகாரம் இல்லாத ஆட்டமாக, பெரிய திரையில். நினைவாற்றல் கூடும், மூளை கூர்மையாகும் என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பி ஆட வேண்டாம். பிடித்திருந்தால் ஆடட்டும், போதாதா? ஆட்டத்துக்குள் சேர்ந்து ஆடும் குழுவில் முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் செய்திகளைத் திறக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. இணையம் இல்லாமல் ஆட முடியுமா?

நம் ஊர்ப் பழைய வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் போனால் எந்த நிறுவனத்தின் கோபுரமும் எட்டாது, அந்தச் சுவர்களின் கனம் அப்படி. நல்லவேளையாக, பெரும்பாலான நிலைகளுக்கு இணையம் வேண்டாம். விளம்பரமும் வராது, அது தனிச் சுகம். ஆல்பம், குழு, போட்டி ஆகியவற்றுக்கு மட்டும் முகப்புக்கு வந்தாக வேண்டும். போன் மாற்றுவதற்கு முன் ஆட்டத்தை ஒரு கணக்கோடு இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் நிலையிலிருந்துதான்.

அம்மான் வீட்டுப் பிள்ளைகள் பினாங்கில் இருக்கிறார்கள். ஒரே குழுவில் ஆடலாமா?

ஆடலாம், தோற்றால் திரும்ப ஆட உதவும் ‘உயிர்’களும் பரிமாறிக்கொள்ளலாம். பல ஆட்டங்களில் உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் போட்டி முடியும். அது நமக்கு அதிகாலை 5.30, அவர்களுக்குக் காலை 8. கடைசி நேரத்தில் புள்ளி சேர்க்கும் வேலையை அவர்களிடம் விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கடையில் வாங்கும் பெட்டி அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

அசல் லபூபூவுக்கு ஒன்பது பல். போலிகளில் பல் கூடும், குறையும். பூச்சு வழிந்திருக்கும், கால் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் எனக்குப் பல்லைவிட முக்கியம் ஐஎஸ்ஐ முத்திரை. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். சேகரிப்புப் பொம்மைப் பெட்டிகளில் ‘15 வயதுக்கு மேல்’ என்று அச்சிட்டிருந்தால், நாலு வயதுப் பேரனுக்கு அதைக் கேட்காதீர்கள். கழன்று வரும் பொடிச் சாமான் அதில் நிறைய. அவனுக்கு மரச்சொப்பு இருக்கிறது.

பெட்டியை உலுக்கிப் பார்த்து வாங்கலாமா?

என் கடையில் கூடாது. தராசில் வைத்துப் பார்க்கவும் கூடாது.

இந்தப் பொம்மைகளைக் கொலுவில் வைக்கலாமா?

கீழ்ப்படிக்கு அருகே பூங்காவும் கிரிக்கெட் மைதானமும் வைக்கிறோமே, அங்கே வையுங்கள். மேல்படி மரப்பாச்சிக்கு.

ஒரே பொம்மை இரண்டு மூன்று வந்துவிட்டது. கடையில் மாற்றிக்கொள்வீர்களா?

நான் மாற்றுவதில்லை, ஆனால் நீங்கள் உங்களுக்குள் மாற்றிக்கொள்ள வசதி உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டான் (ஓலைக்கூடை) வைத்திருக்கிறேன். உங்கள் இரட்டையை அதில் போட்டுவிட்டு, அதே வரிசையில் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை சந்தைக்கு வரும் கூட்டம் கடைக்கும் வருவதால் அன்று கொட்டான் நிறைந்திருக்கும், செவ்வாய்க்கிழமை வந்தால் அடியில் கிடப்பதுதான் கிடைக்கும். பன்னிரண்டு பொம்மைத் தொகுப்பின் கடைசி இரண்டு மூன்று இடங்களை நிரப்ப இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. காது பிய்ந்ததையும் போலியையும் அதில் போட வேண்டாம். போட்டவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.